வெயில் தாங்கும், பவுடர் நிற்கும்

"இந்தக் கிரீம்ல என்ன கலக்கறீங்க, மாமா?"

கேட்டுவிட்டேன்.

வரும் வழியெல்லாம் மூன்று சக்கர டிரைஷாவில் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படித்துப் படித்துச் சொன்னது இதைத்தான். மாப்பிள்ளை வீட்டில் எது வேண்டுமானாலும் பேசு, அவர்கள் தொழிலைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே.

வீடு பார்க்கப் பெண்ணே கிளம்பி வருவது வழக்கமில்லை. வந்தது போதாதென்று வாயையும் திறந்தாயிற்று.

காஜா பேராங் சாலையில் கலியாணசுந்தரத்தின் வீடு. முன்கட்டில் குடும்பம், பின்கட்டில் கிரீம் கம்பெனி. மேசையில் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜாடியை வைத்திருந்தார்கள். மூடியில் குடை பிடித்த பெண். கீழே, 'வெயில் தாங்கும், பவுடர் நிற்கும், ஒரே மாதத்தில் நிறம் வரும்.'

கலியாணசுந்தரம் சிரித்தார்.

"என்னம்மா, லைசென்ஸ் பாக்க வந்த வெள்ளைக்காரன் மாதிரி கேக்கற? அவனே இந்த மாசம் மூட்டை கட்டறான்."

எல்லாரும் சிரித்தார்கள். வெளியே தெருவில் மெர்டேக்கா சுதந்திர நாள் வளைவுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவும் சிரிக்கப் பார்த்தாள். அவள் கையில் தேநீர்க் கோப்பை தட்டோடு சேர்ந்து கடகடவென்று ஆடியது.

"பயப்படாதீங்க சம்பந்தி, நாங்க என்ன புலியா?" என்றாள் அவர் மனைவி சிவகாமசுந்தரி.

அம்மா ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

புக்கிட் காதிலில் எங்கள் தகரக் கூரையை இவர்கள் தேடி வந்தது என் பட்டத்துக்காக. 'பொண்ணு கறுப்புதான், அதை நம்ம கிரீம் பாத்துக்கும்' என்று தரகரிடம் சொன்னார்களாம். தரகர் அதைப் பெருமையாக எங்களிடமே வந்து சொன்னார்.

"எனக்குன்னு அனுப்பின கிரீம். நான் கேக்கக் கூடாதா?"

"சரி, பரீட்சையே வெச்சிடு." அவர் விரலை மடக்கினார். "மெழுகு. கிளிசரின். பன்னீர். வெயிலுக்குத் துத்தநாகப் பொடி. பாஸா, ஃபெயிலா?"

நாலும் உண்மை. மெழுகு பவுடரைப் பிடித்து வைக்கும். கிளிசரின் தோலை வறள விடாது. பன்னீர் மணத்துக்கு. துத்தநாகப் பொடி வெள்ளையாக மேலே உட்கார்ந்து வெயிலைத் திருப்பி அனுப்பும்.

ஆனால் வெயிலைத் தடுத்தால் இனிமேல் கறுக்காது, அவ்வளவுதான். ஏற்கெனவே கறுத்தவளை ஒரே மாதத்தில் வெளுக்க வைக்கும் சாமான் இந்த நாலில் எதுவும் இல்லை.

"அஞ்சாவது என்ன?"

"அது தொழில் ரகசியம்மா."

நான் சிவகாமசுந்தரியிடம் திரும்பினேன். "நீங்க ஏன் இதைப் பூசறதில்லை, அத்தை?"

அவள் கை கன்னத்துக்குப் போயிற்று. அங்கே பெடாக் செஜுக் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. மலாய்க்கார வீடுகளில் அரிசியை ஊறவைத்து அரைத்துக் காயவைக்கும் மாவு. அண்டா அண்டாவாகக் கிரீம் கிண்டுகிற வீட்டில் எஜமானி முகத்துக்கு அரிசி மாவு.

மாப்பிள்ளை சேதுராமன் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பாக்குவெட்டியால் பிளந்தேன். என் பையிலிருந்து சதுரமான ஒரு காசு, புதுசு, செம்பு நிறம் மங்காதது. அதன்மேல் கிரீமை அப்பி, சாற்றைப் பிழிந்து, ஒரு வெற்றிலையால் அழுத்தித் தேய்த்தேன்.

"ஐயோ, சந்திரமதி, வேணாம்டி" என்றாள் அம்மா.

துடைத்துத் தட்டில் வைத்தேன். காசு வெள்ளிபோல வெளுத்திருந்தது.

"பாதரசம்" என்றேன்.

கலியாணசுந்தரம் அதைத் தொடவில்லை. குரல் மட்டும் இறங்கியது. "ஊர்ல எல்லாரும் போடறதுதாம்மா. புடிக்கலன்னா நீ பூசாத. அதுக்காக நல்ல காரியத்தைக் கெடுக்கலாமா?"

நான் பூசியதே இல்லை.

நான் சிங்கப்பூரில் கடைசி வருட ரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். பெண்ணுக்கென்று மாதா மாதம் ஜாடி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. போன வாரம் நான் ஊர் வந்தபோது அலமாரியில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் விரல் விட்டு வழித்துக் காலி.

அம்மாவுக்கு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே கறுத்த முகம். சம்பந்தி வீட்டில் அது தெரிந்தால் எனக்குத்தான் கேவலம் என்று அவளாக நினைத்துக்கொண்டாள்.

நேற்று எங்கள் அடுப்படியிலேயே ஒரு காசு வெளுத்துவிட்டது. பாதரசம் உடம்பில் ஏறினால் கை நடுங்கும், வாயில் எதைப் போட்டாலும் இரும்பு ருசிக்கும். இன்று வந்தது இந்த மனிதர் வாயால் சொல்கிறாரா என்று பார்க்க.

எழுந்தேன். அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கினேன். "மன்னிச்சுக்கங்க, சின்னப் பொண்ணு" என்று அவள் அவர்களிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் கை என் கைக்குள்ளும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

வாசலில் டிரைஷா நின்றது. உள்ளே போகும்போதே காத்திருக்கச் சொல்லியிருந்தேன்.

வீட்டுக்கா என்று மலாயில் கேட்டான் வண்டிக்காரச் சீனன்.

இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு என்றேன்.