கதவுக்கு வெளியே நிற்பவள்

"கையெழுத்த மட்டும் போடு மதினி. ஒன் விஷயத்தக் கூட்டத்துல நான் சொல்லிருதேன்."

"போன தடவையும் இதத்தான சொன்ன. என்ன சொன்னாக?"

"பாக்கலாம்னாக."

அப்படி யாரும் சொல்லவில்லை. வார்டு உறுப்பினர் தவமணி கேட்டிருந்தால்தானே சொல்வதற்கு? கிராமசபைக்கு முந்தின நாளே பதிவேட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது அவள் வேலை. நான்கு கூட்டங்களாகப் பஞ்சவர்ணம் கேட்டது, பெண்கள் கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். வயதுக்கு வந்த மகள் உள்ளே போனால், இவள்தான் வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இவள் வேலைக்குப் போய்விட்டால், சாயங்காலம் வரை மகள் போவதேயில்லை. அத்தனை ஆண்கள் முன்னால் அந்தப் பேச்சை எடுக்கத் தவமணிக்குக் கூச்சம்.

இந்த முறை பஞ்சவர்ணம் மகளோடு கூட்டத்துக்கே வந்துவிட்டாள். "வேற கோரிக்கை உண்டா?" என்று தலைவர் கேட்டதும் எழுந்தாள்.

"பாவம், தவமணியும் நாலு தடவ சொல்லிட்டா. இன்னும் எத்தன தடவதான் அவ ஒங்ககிட்டத் தொண்டத்தண்ணி வத்தக் கத்தணும்?"

தலைவர் விழித்தார். "என்னம்மா தவமணி, எங்கிட்ட எப்பச் சொன்ன?"

தவமணி எழுந்தாள். பஞ்சவர்ணம் இருந்த பக்கம் அவளால் திரும்ப முடியவில்லை.

"நான் சொல்லவே இல்லய்யா. இப்பத்தான் சொல்லுதேன். பொம்பளையாளுக கக்கூஸ் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தாங்க."