இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகம் படித்த பையன்

காலையிலிருந்தே மாதங்கிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

செகந்திராபாத்தில் பள்ளி நூலகர்களுக்கான இரண்டு நாள் பயிற்சி முகாம். புது மென்பொருளைக் காட்டுவதற்காக, சில பள்ளிகளின் போன வருடத்துப் பதிவேடுகளை முன்கூட்டியே வாங்கிக் கணினியில் ஏற்றியிருந்தார்கள்.

கொண்டாப்பூர் பள்ளி நூலகத்திலிருந்து போன பதிவேடு மாதங்கியுடையது. பிரின்சிபால் அவளைக் கேட்காமலே அனுப்பிவிட்டார்.

பக்கத்து நாற்காலியில் ஆரோக்கியமேரி, ஜீடிமெட்லா பள்ளி ஒன்றின் நூலகர். காலையில் பெயரட்டையைப் பார்த்ததும் தமிழில் பேச்சுக் கொடுத்தவர், சாப்பாட்டுக்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பயிற்சியாளர் உமாசங்கர் ஒரு பொத்தானைத் தட்டினார். எந்தப் பள்ளியில் எந்தக் குழந்தை அதிகம் படித்தது என்று இது ஒரு நொடியில் சொல்லிவிடுமாம்.

சொல்லியது.

கே. சாய் சரண், ஏழாம் வகுப்பு. ஒரே வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள்.

அரங்கம் கைதட்டியது. மாதங்கி மட்டும் தட்டவில்லை.

சாய் சரண் அப்பாவோடு அமெரிக்காவுக்கு விமானம் ஏறி இரண்டு வருடமாகிறது. அவனுடைய நூலக அட்டை மட்டும் அவளது இழுப்பறையில் தங்கிவிட்டது.

மாதம் முந்நூறு புத்தகம் வெளியே போகாவிட்டால் நூலகம் இரண்டாவது கம்ப்யூட்டர் லேப் ஆகிவிடும் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. பிள்ளைகள் இருநூற்றைம்பது எடுத்தார்கள். மீதியை மாதங்கி எழுதினாள். முதலில் பல பெயர்களில் எழுதினாள். பிறகு சோம்பல் வந்து, மேலே கிடந்த அட்டையையே எடுத்துக்கொண்டாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

பதினொரு வருடம் தூசி தட்டி வளர்த்த அறை. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

“கொண்டாப்பூர் மேடம், நாளைக்கு நிறைவு விழாவுக்கு அந்தப் பையனை அழைத்து வாருங்கள். மேடையில் பரிசு கொடுப்போம்” என்றார் உமாசங்கர்.

நூறு தலைகள் திரும்பின. முருகா என்று முனகியது மாதங்கிக்கே கேட்டது.

ஆரோக்கியமேரி எழுந்தார்.

அந்தப் பையன் இந்த ஜூனில் தங்கள் பள்ளிக்கு மாறிவிட்டான் என்று தெலுங்கில் கணீரென்று சொன்னார். தங்கமான பையன், எந்நேரமும் புத்தகமும் கையுமாகத்தான் இருப்பான். பாவம், அம்மை போட்டிருக்கிறது, பத்து நாளைக்கு வெளியே வரக்கூடாது.

உமாசங்கர் உச்சுக் கொட்டினார். சான்றிதழை ஆரோக்கியமேரியிடமே கொடுத்தனுப்புவதாகச் சொல்லிவிட்டு மறுபடி கணினிப் பக்கம் திரும்பினார்.

மாதங்கிக்குத் தலை சுற்றியது. அமெரிக்காவில் இருப்பவன் ஜீடிமெட்லாவுக்கு எப்போது வந்தான்? அதே பெயரில் வேறொரு பையனா?

திரையில் சாய் சரண் மறைந்தான். அடுத்த பள்ளி ஏறிக்கொண்டிருந்தது.

ஆரோக்கியமேரி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தார்.

“அவன் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. அடுத்து வர்றது எங்க ஸ்கூல். அதுல நஸ்ரின்னு ஒரு பொண்ணு வருவா. பேர் விழுந்ததும் நீங்க சட்டுனு எந்திரிச்சிருங்க.”