கை பட்ட சுவர்

“இந்த ஒரு சுவர மட்டும் விட்டுடு, ஆந்த்ரே. மத்த மூணையும் நல்லா அடிச்சுக்கோ.”

ஐயாசாமி சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டான். கரும்பு வெட்டுக் காலம். ஒருநாள் போகாவிட்டாலும் வேலை மேய்க்கிற சர்தார் பதிவிலிருந்து பெயரை அடித்துவிடுவான். இருந்தும் அவன் இன்று வேலைக்குப் போகவில்லை.

கொசு மருந்துக்காரன் ஆந்த்ரே தோளில் தொங்கிய பம்பை இறக்கித் தரையில் வைத்தான். பாம்பூ கரும்புத் தோட்டத்துக் கூரை வீடுகளில் இது அவனுக்குப் பதினோராவது வீடு. எந்த வீட்டிலும் இப்படி ஒருவர் சுவருக்குக் காவல் நிற்கவில்லை.

“நாலு சுவர்ல ஒண்ண விட்டாலும் கொசு அதுலதான் வந்து உட்காரும்,” என்றான்.

பூங்காவனம் தூளிக்கு அருகே நின்றாள். இடக்கை தூளியை ஆட்டியது. வலக்கை முந்தானைக்குள் இருந்தது. நாலு வருஷமாய் அவளுக்கு அப்படி ஒரு பழக்கம்.

உலகச் சண்டை முடிந்த நாலாம் வருஷம் அது. சர்க்கார் இந்தத் தீவில் மலேரியாவை ஒழிக்கப் போகிறதென்று, தை பிறப்பதற்கு முன்பே ஒருமுறை வந்து அடித்துவிட்டுப் போனார்கள். காய்ந்ததும் சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாய்த் திட்டு விழுந்தது.

காவடிக்குக் கொடி ஏறப்போகிற நேரம். விரதம் இருக்கிற வீடு.

பக்கத்து வீட்டு கோவிந்தம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “ஆயோ பூங்காவனம், ஒங்க வீட்டுச் சுவருக்கு அம்மையா போட்டிருக்கு?” என்று சிரித்தாள்.

விளையாட்டுச் சிரிப்புதான். ஆனால் நாள் முழுக்க அது பூங்காவனத்தின் காதில் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பார்த்தால் வீடே மாறிப்போயிருந்தது. செம்மண்ணும் சாணியும் குழைத்து நாலு சுவரும் வளைவு வளைவாய் மெழுகி, அடியில் சுண்ணாம்புக் கோடு. கோவிந்தம்மாவே வாசலில் நின்று, “மாளிகையால்ல ஆக்கிட்டீங்க!” என்றாள். காவடிக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் அந்தச் சுவரைத்தான் பேசினார்கள்.

சித்திரையில், இங்கே மழைக்காலம் முடிகிற நேரத்தில், மூத்தவள் அம்மாக்கண்ணுவுக்குக் காய்ச்சல் வந்தது. குளிர், நடுக்கம், வியர்வை, மறுபடியும் குளிர். ஒன்பதாம் நாள் நடுக்கம் நின்றுவிட்டது. பதினோரு வயது.

“மெழுகினா மருந்து உள்ள போயிடும், பிரயோசனமில்ல. மெழுகாதீங்கன்னு அன்னிக்கே சொல்லிட்டுத்தானே போனேன்,” என்றான் ஆந்த்ரே இப்போது.

“பிள்ளைகிட்ட சொல்லியிருப்பே. அவளுக்கு என்ன தெரியும்? அம்மா கரும்புக்காட்டுக்குப் போயிருக்காளே, வீட்ட அழகு பண்ணுவோம்னு மெழுகிட்டா,” என்றான் ஐயாசாமி.

ஆந்த்ரே பூங்காவனத்தைப் பார்த்தான். பார்த்தபடியே இருந்துவிட்டு, குனிந்து பம்பின் மூடியைத் திருகினான். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

ஐயாசாமி திரும்பிச் சுவரைத் தடவினான். வேலை முடிந்து வந்ததும், முகம் கழுவுவதற்கு முன்னால், மூன்று மாதமாய் அவன் தினமும் செய்கிற காரியம் அது. உள்ளங்கையை ஒரு வளைவின்மேல் வைப்பான். அது போகிற வழியிலேயே கையும் போகும். கடைசிவரை போய் நிற்கும்.

“பாரு ஆந்த்ரே. எவ்வளவு சின்ன வளைவு! என் பொண்ணு கை. இதுக்கு மேல மருந்த அடிச்சா எனக்கு என்ன மிச்சம்?”

பூங்காவனம் அவன் பக்கம் பார்க்கவில்லை. மூன்று மாதமாய் அவள் அந்தச் சுவர்ப்பக்கம் தலைவைத்துப் படுத்ததும் இல்லை.

அதை மெழுகியது யார் என்று ஐயாசாமி ஒரே ஒருமுறைதான் கேட்டான். பிள்ளையை இடுகாட்டில் விட்டுவந்த அன்று கேட்டான். பூங்காவனம் பதில் சொன்னாள். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

தூளிக்குள் சின்னவள் முனகினாள். பத்து மாதக் குழந்தை.

அப்போதுதான் பூங்காவனம் அதைக் கண்டாள். தூளிக்கு நேர் மேலே, ஐயாசாமியின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி, மெழுகிய வளைவின்மேல் ஒரு கொசு. பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு, சொந்த வீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தது.

தூளி ஆடுவது நின்றது.

பூங்காவனம் சுவரண்டை வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து வலக்கையை எடுத்தாள். கணவனின் கை இருந்த இடத்துக்குப் பக்கத்து வளைவில் வைத்து, மெல்ல இழுத்தாள்.

கரும்பு வண்டிச் சங்கிலி கொண்டுபோன ஆள்காட்டி விரலின் இடம் வெறுமையாய் இருக்க, மிச்ச மூன்று விரல்களும் வளைவில் இருந்த மூன்றே வரிகளில் சரியாகப் போய் விழுந்தன. தொடக்கத்திலிருந்து முடிவுவரை, ஓர் இடத்திலும் விலகவில்லை.

ஐயாசாமி வளைவைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். அடுத்த வளைவைப் பார்த்தான், அதற்கடுத்ததை, சுவர் முழுவதையும்.

ஆந்த்ரே மெதுவாகப் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

ஐயாசாமி சுவரைவிட்டு விலகினான். தன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தான். வாசல் தாண்டுகிறவரை துடைத்துக்கொண்டே போனான்.