வெளிச்சம் தராத பல்பு

அமெரிக்காவின் வடகோடியிலுள்ள துலூத் நகரத்தில் ஜனவரி மாதத்து நான்கு மணி வெளிச்சம் பாத்திரம் கழுவிய தண்ணீரைப் போல ஜன்னலில் கலங்கி நிற்கிறது. ஆர்டிஸ் சமையலறை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, தன் முள்ளெலியை வெறும் வயிற்றோடு அணைத்திருக்கிறாள். அதன் அடிவயிறு ஈரக்கல்லாகச் சில்லிட்டிருக்கிறது. உடம்பு குளிர்ந்தால் அது உறங்கிவிடும். அந்த உறக்கத்திலிருந்து பெரும்பாலும் எழுவதில்லை. கூண்டுக்கு மேலே பல்பு மாட்டும் விளக்குக் கூடு காலியாகத் தொங்குகிறது. அதிலிருந்த பீங்கான் பல்பைக் காலையில் கழற்றிக் குப்பையில் வீசி உடைத்துவிட்ட அவள் கணவன் லோவல், வாசலில் பனி அள்ளிவிட்டு வந்த பூட்ஸோடு கதவருகே நிற்கிறான்.

"எரியலையேன்னு கழட்டிட்டேன், ஆர்டி."

"அது எரியாது. சூடு மட்டும்தான் குடுக்கும்."

"வெளிச்சமே தராத பல்பை எவன் செய்வான்?"

"தொட்டாவது பாத்திருக்கலாம்ல, புத்திசாலி!"

"தொட்டேன். கை சுட்டுச்சு. அதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. "வெந்நீர்ல வெச்சுப் பாக்கலாமா?" என்கிறான். "கொன்னே போட்டுடுவ. சும்மா இரு," என்கிறாள்.

பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் ஓடுகிறது. லோவல் அருகில் வந்து மண்டியிடுகிறான். "டேய் சண்டைக்காரா, நான்தான்டா," என்று கூப்பிடுகிறான். அவன் குரல் கேட்டாலே புஸ்ஸென்று சீறிப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் பிராணி அது; மூன்று வருடமாக ஒருமுறைகூட அவனைத் தொடவிட்டதில்லை. அவன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு மெல்ல அதன் முதுகைத் தடவுகிறான். ஒரு முள்கூடக் குத்தவில்லை.