தாழியில் கிடைத்த பல்

முதுமக்கள் தாழியில் கிடைத்த பல்லின் டி.என்.ஏ.வைக் கணினியில் அலசித் தருவது பல்கலைக்கழகத்தில் செண்பகவல்லியின் வேலை. யாருடைய கையும் பட்டுக் கலந்துவிடவில்லையே என்று பார்க்க, ஆய்வகத்தில் எல்லாரிடமும் வாங்கிவைத்த எச்சிலோடு முதலில் ஒப்பிடுவது வழக்கம். பேராசிரியர் இளம்பரிதியின் எச்சிலோடு அது அப்படியே பொருந்தியது.

“சார், பல்லுல இருக்கிறது பழைய ஆளோடது இல்ல. உங்களோடது,” என்றாள். சொன்ன அவளுக்குத்தான் உடம்பு கூசியது.

“ஆதித் தமிழன் கிடைச்சாச்சுன்னு பேட்டி குடுத்துட்டேனேம்மா.”

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். அங்கே மாட்டியிருந்த படத்தில், கையுறை போடாத வலது கை விரல்களால் அந்தப் பல்லைத் தூக்கிக் காட்டி அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

தேநீர் வந்தது. வலது கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டே, இடது கையால் டம்ளரை வாங்கினார்.