கடைசி ஆள்

"அந்தப் பையனை ஜீப்ல ஏத்தித் திருப்பி அனுப்பிடும்மா. அவனால எல்லாருக்கும் லேட்டாகுது."

குழுத் தலைவி சங்கமித்ராவிடம் மௌரீன் இதைச் சொன்னபோது குரலில் தயக்கமே இல்லை. ரிட்டயர் ஆன கையோடு, மலை உச்சியில் இடிந்து கிடக்கும் பழைய கோட்டையைப் பார்க்க மூன்று நாள் நடைப் பயணத்துக்குக் கிளம்பி வந்தவள் அவள். விவேக் நகரில் அவள் தெரு முழுக்க இந்தச் சேதி பரவியிருந்தது. பரப்பியதும் அவள்தான்.

பெங்களூரில் பஸ் ஏறும்போதே சங்கமித்ரா கறாராகச் சொல்லியிருந்தாள். முதல் நாள் நடையில் யார் ரொம்பவும் பின்தங்குகிறார்களோ, அவர்களை மறுநாள் காலை மலைக் கிராமத்திலிருந்து ஜீப்பில் திருப்பி அனுப்பிவிடுவாளாம். அதற்கு மேலே காட்டுப் பாதை, ஜீப் வராது.

அதைக் கேட்டதுமே மௌரீன் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பாதியில் திரும்பினால் தெருவில் எந்த முகத்தோடு நடப்பது? கணவர் ரெமிஜியஸ் வேறு, திரும்பி வந்தால் சிரிக்கவே மாட்டேன் என்று சிரித்துக்கொண்டேதான் வழியனுப்பியிருந்தார்.

நல்லவேளை, குழுவில் சுதீர் இருந்தான். ஐ.டி. கம்பெனி வேலை, வாட்டசாட்டமான உடம்பு. நடை மட்டும் நத்தை. மூச்சு வாங்கி மௌரீன் ஒரு பாறையில் சாய்ந்தால் போதும், பின்னால் அவனும் குனிந்துவிடுவான்.

"ஒரு நிமிஷம் ஆன்ட்டி, லேஸ் அவுந்துடுச்சு."

முன்னால் போனவர்கள் நின்று கூப்பிட்டால், அவர்களுக்கும் அதே பதில்தான். கேலியெல்லாம் அவனுக்கு, ஓய்வெல்லாம் மௌரீனுக்கு. அன்று ராத்திரி மலைக் கிராமத்துக் கூடாரத்துக்குக் கடைசியாக வந்து சேர்ந்ததும் அவன்தான்.

அதனால்தான் காலையில் ஜீப்பைப் பார்த்ததும் மௌரீன் நியாயம் பேசினாள். சங்கமித்ரா அவளைப் பார்த்தாள். தூரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த சுதீரைப் பார்த்தாள்.

"அவர் வரட்டும் ஆன்ட்டி. அவர் இருந்தாத்தான் எல்லாரும் மேல போய்ச் சேருவோம்."

ஜீப் காலியாகத் திரும்பியது. ஆள் வாட்டசாட்டமாக இருந்துவிட்டால் போதும், இந்தக் காலத்துப் பெண்கள் சட்டத்தையே மறந்துவிடுவார்கள் என்று மௌரீன் மனதுக்குள் பொருமினாள்.

அன்றைக்கு மழை. கால் முழுக்கச் சேறு. வழியெல்லாம் அதே லேஸ் கதை. ஷூவை ஒழுங்காகக் கட்டத் தெரியாதவனுக்கு எந்தக் கம்பெனி வேலை கொடுத்தது என்று ஒரு தடவை அவன் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். அவன் சிரித்தான்.

மூன்றாம் நாள் காலை கோட்டை வந்துவிட்டது. இடிந்த மதில், சாய்ந்த தூண்கள், காலுக்குக் கீழே மேகம். மௌரீன் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினாள். ரெமிஜியஸுக்குக் காட்ட ஒவ்வொரு தூணோடும் நின்று செல்ஃபி எடுத்தாள்.

உள்ளே கூரையில்லாத ஒரு கோயில். சாமி இல்லாவிட்டாலும் ஷூவோடு போகக் கூடாது என்றாள் சங்கமித்ரா. எல்லாரும் பக்கத்துக் குளத்தில் ஷூவின் சேற்றைக் கழுவி, படியில் காயவைத்துவிட்டு வெறுங்காலோடு போனார்கள். மௌரீன் முழங்கால் வலிக்கிறதென்று படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

சந்தோஷத்தில் அவளுக்கு எல்லார் மேலும் இரக்கம் வந்தது, சுதீர் மேலும்கூட. ரெமிஜியஸ் பையில் போட்டுவிட்ட புது லேஸ் ஒரு ஜோடி இருந்தது. பாவம், அவன் ஷூவுக்குக் கோத்து வைப்போம் என்று அதை எடுத்துக்கொண்டாள். கடைசியாக அவன் கழற்றி வைத்த ஷூவைத் தூக்கி மடியில் வைத்தாள்.

முன்னால் பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள். லேஸ் இல்லை. கோக்க ஒரு துளைகூட இல்லை. குறுக்கே வெல்க்ரோ ஒட்டுப் பட்டை வைத்த ஷூ அது.

மௌரீனுக்குக் கண் கலங்கியது. கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. ஷூவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

இறங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் சுதீர் வழக்கம்போலக் குனியப் போனான். அவள் திரும்பி அவன் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். பிறகு, முன்னால் போகிறவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

"சங்கமித்ரா, கொஞ்சம் நில்லும்மா. கடைசி ஆள் நான்தான். முதல் நாள்லேருந்தே நான்தான்."