சாப்பாட்டுக்கு மட்டும்

பினாங்குத் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த பூன் கியட், கேன்டீன் மைக்ரோவேவுக்குள் வைத்தது சாப்பாடு இல்லை. செம்பை உரித்த இரண்டு சர்க்யூட் பலகைத் துண்டுகள்; ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை. புதிய ரேடியோவுக்கு எந்தப் பலகை என்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். ரேடியோ அலையைக் குடிக்கிற பலகை அடுப்பில் சுடும்; அது ரேடியோவுக்கு ஆகாது. குடிக்காதது அப்படியே இருக்கும்.

"கண்ணு தெரியலையா எஞ்சினியரே? 'சாப்பாட்டுக்கு மட்டும்'னு எழுதி ஒட்டியிருக்கேன்ல!" கேன்டீன்காரர் சுல்கிஃப்லி கரண்டியோடு வந்து நின்றார். "நாசி லெமாக் சுடவைக்கிற இடத்துல இது என்ன கூத்து? வாங்க மேடம்கிட்ட!"

தலைமைப் பொறியாளர் ரொஹானி கறாரானவர். பூன் கியட் துண்டுகளை அவர் மேசையில் வைத்தான்.

அவர் துண்டுகளைப் பார்த்தார். "எது சுட்டுச்சு?"

"பச்சை, மேடம்."

"அப்ப வெள்ளையைப் போடு. அந்தக் காலத்துல நானும் அங்கதான் வச்சுப் பார்ப்பேன்."

"அதனாலதானே அந்த நோட்டீஸே எழுதினேன்!" என்று பொரிந்தார் சுல்கிஃப்லி.

ரொஹானி சிரித்தார். "என் வீட்டுக்காரர் கோபத்தையெல்லாம் நம்பாத, கியட்."

"வீட்டுக்காரரா?"

"ஆமா. கல்யாணத்துக்கு இவர் அனுப்பின சீர்த்தட்டுல பட்டு, பலகாரத்தோட ஒரு புது மைக்ரோவேவும் வந்துச்சு. அதுலயும் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்."

"என்னன்னு?"

சுல்கிஃப்லி கரண்டியைப் பார்த்தபடி முணுமுணுத்தார்.

"பலகைக்கு மட்டும்."